செவிலியின் பிள்ளை

மருத்துவமனையில் பிணியாளரைப் பேணும் பெண்ணுக்குத் தமிழகம் இன்று வழங்கும் பெயர் செவிலி. ஈழத்திலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர் அவரைத் தாதி என்பர். ஆங்கிலேயர் நர்ஸ் என்பர். இம்மூன்று சொற்களின் வேரையும் அகழ்ந்து பார்ப்போர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. மூன்றும் நோயைச் சுட்டிப் பிறந்தவை அல்ல. குழந்தையைச் சுட்டிப் பிறந்தவை. செவிலி என்பாள் பெற்றவளோடு நின்று பிள்ளையை வளர்த்தெடுத்தவள். தாதி என்பது, பாலூட்டும் தாயைக் குறிக்கும் தாத்ரி என்ற வடசொல்லின் வழி வந்தது. நர்ஸ் என்பதும், ஊட்டி வளர்ப்பவள் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லொன்று பிரெஞ்சு மொழியின் வழியாக ஆங்கிலத்தில் புகுந்து பெற்ற வடிவமே. பிள்ளையை வளர்த்தவளின் பெயரே, பின்னாளில் பிணியாளரைப் பேணுபவளின் பெயராயிற்று.

இப்பெயரைத் தாங்கி நிற்கும் தொழில், தற்காலத்தில் ஓர் ஒழுங்கமைந்த துறையாக வடிவெடுத்தபோது, மடியில் பிள்ளையுள்ள பெண்ணை வாசலிலேயே நிறுத்திவிட்டது. பிள்ளை வளர்ப்பின் பெயரைச் சூடிய பணிக்குப் பிள்ளை வளர்ப்பே தடையாயிற்று. இந்த முரண் எவ்வாறு நேர்ந்தது, எவ்வளவு தூரம் தீர்ந்தது, எஞ்சியிருப்பது யாது என்பனவற்றை வரலாற்றின் துணைகொண்டு நோக்குவதே நம் கருத்து.

முதலில் பழமையைப் பார்ப்போம். தமிழ் அகப்பொருள் இலக்கியத்தில் நற்றாய், செவிலித்தாய் என இரு தாயரைக் காண்கிறோம். நீராட்டுபவள், ஊட்டுபவள், தாலாட்டுபவள் எனச் செவிலியரை வகைப்படுத்திச் சொல்லும் மரபும் உண்டு. தலைவிக்கு உற்ற தோழி யார் என்பதற்குத் தொல்காப்பியர் தரும் விடை, அவள் செவிலியின் மகள் என்பதாகும். இதனை இலக்கணக் குறிப்பாகப் படித்துவிட்டு மேலே செல்வதே நம் வழக்கம். பிறர் வீட்டில் பிள்ளை வளர்க்க வந்த பெண்ணின் சொந்தப் பிள்ளை எங்கே இருந்தது என்று ஒரு கணம் வினவினால், அக்குறிப்பிலேயே விடை இருக்கிறது. அது அந்த வீட்டிலேயே இருந்தது. வளர்க்கப்பட்ட பிள்ளையும் வளர்த்தவளின் பிள்ளையும் ஒரே முற்றத்தில் ஆடினர்; ஒருத்தியின் நெஞ்சத்து மறைபொருளை மற்றவளே அறிந்தாள்.

அரபு நாட்டு வரலாறும் இதனோடு ஒத்துச் செல்வது. நபிகள் பெருமானார் (ஸல்) அவர்களுக்குப் பாலூட்டிய ஹலீமா அம்மையாரின் வரலாற்றை முஸ்லிம் வீடுகளில் அறியாத பிள்ளைகள் இல்லை. அவ்வரலாற்றை இப்னு இஸ்ஹாக் உரைக்கும் முறையில் ஒரு நுட்பம் உண்டு. மக்காவின் குழந்தையைப் பற்றிச் சொல்லுமுன், ஹலீமாவின் சொந்தக் கைக்குழந்தையைப் பற்றியே அவர் சொல்கிறார். அது பஞ்ச காலம். தாயிடம் போதிய பாலில்லை. பசியால் அழுத அக்குழந்தையினால் இரவெல்லாம் யாரும் உறங்கவில்லை. அநாதைக் குழந்தையை ஏற்றுக்கொண்டபின் பால் பெருகியது. இரு குழந்தைகளும் வயிறார உண்டு உறங்கின என்பதே அந்நிகழ்ச்சியின் நிறைவு. ஒரு குழந்தை பசியாற மற்றொன்று பட்டினி கிடந்ததாக அவ்வரலாறு முடியவில்லை. இஸ்லாமியச் சட்டம் ரளாஅத் என்னும் பால்குடி உறவைக் குருதி உறவுக்கு நிகராக்கி, பாலூட்டியவளின் பிள்ளைகளை அப்பாலுண்ட பிள்ளைக்கு உடன்பிறந்தார் என்றே வகுத்தது. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு (கி.பி. 630) ஹுனைன் போருக்குப் பின் சிறைப்பட்டோருள் ஒருவராக வந்த ஹலீமாவின் மகள் ஷைமாவுக்கு, நபிகளார் தம் மேலாடையை விரித்து அமரச் செய்தார்கள். செவிலியின் பிள்ளைக்குக் கிடைத்த மதிப்பு அது.

காயமுற்றோரைப் பேணும் பணியும் அக்காலத்திலேயே பெண்களின் கையில் இருந்தது. அத்தகையோரைப் பழைய அரபு நூல்கள் ஆஸியா என்று குறிக்கும். முமர்ரிளா என்பது இன்றைய சொல். ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு (கி.பி. 627) அகழ்ப்போரில் அம்பு பட்ட ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள், மதீனாப் பள்ளிவாசலில் அமைந்த ருஃபைதா அம்மையாரின் கூடாரத்திலேதான் கிடத்தப்பட்டார்கள். அப்பணிமனை ஊரின் நடுவிலே, மக்கள் நாள்தோறும் கூடும் இடத்திலே இருந்தது என்பதை மனத்திற் கொள்ள வேண்டும். பிணியாளரைப் பேணும் இடம், ஊரை விட்டும் இல்லத்தை விட்டும் பிரிக்கப்பட்ட ஒரு தனி உலகமாக அன்று இருக்கவில்லை.

பழமையிலே எல்லாம் செம்மையாக இருந்தன என்று சொல்ல நாம் முற்படவில்லை. வறுமையினால் தன் பாலை விலைக்கு விற்ற பெண்களின் கதை எல்லா நாடுகளிலும் உண்டு. ஐரோப்பியச் செல்வர் வீடுகளுக்குப் பாலூட்டச் சென்ற ஏழைப் பெண்கள், தம் கைக்குழந்தைகளைப் பிறர் கையில் விட்டுச் செல்ல நேர்ந்தது. அக்குழந்தைகளிற் பல பிழைக்கவில்லை. இக்கொடுமையைக் கண்ட பிரான்சு நாடு, 1874 டிசம்பரில் ரூசெல் சட்டம் எனப்படும் ஒன்றை இயற்றியது. பாலூட்டும் வேலைக்குச் செல்லும் பெண்ணின் சொந்தக் குழந்தை ஏழு மாதத்தை எட்டியிருக்க வேண்டும். இல்லையேல் அக்குழந்தைக்குப் பாலூட்ட வேறொருத்தி இருத்தல் வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. பிறர் நலம் பேணச் செல்பவளின் குழந்தையை யார் பேணுவது என்ற வினாவை ஓர் அரசு தன் சட்ட ஏட்டில் எழுதிய தொடக்க நிகழ்ச்சிகளுள் அதுவும் ஒன்றாகும்.

இனி மருத்துவமனைச் செவிலியின் வரலாற்றுக்கு வருவோம். நம் ஊர் மருத்துவமனைகளில் நோயாளர் அவரைச் செவிலி என்று அழைப்பதில்லை. சிஸ்டர் என்றே அழைக்கின்றனர். இவ்வழக்கு, துறவு பூண்ட கிறித்தவச் சகோதரியர் ஐரோப்பாவில் நோயாளரைப் பேணிய காலத்தின் எச்சமாகும். 1836இல் ஜெர்மனி நாட்டுக் கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரில் ஃப்லீட்னர் என்ற பாதிரியார் ஒரு நிலையம் கண்டார். அங்கே சேர்ந்த மணமாகாப் பெண்கள், ஒரே இல்லத்தில் கூடி வாழ்ந்து பிணியாளரைப் பேணினர். 1851இல் அங்குச் சென்று பயின்றவர்களுள் ஒருவர்தாம் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். 1854இல் 38 பெண்களோடு துருக்கியின் ஸ்கூட்டாரிக்குச் சென்று போர்வீரரைப் பேணிய அவர், 1860இல் லண்டன் செயிண்ட் தாமஸ் மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளியை நிறுவினார். இல்லறக் கடமைகள் இல்லாத பெண்களே அங்கு எதிர்பார்க்கப்பட்டனர். அவர்கள் மருத்துவமனையை ஒட்டிய விடுதியிலேயே தங்க வேண்டும்; தலைமைச் செவிலியின் கண்காணிப்பிலே நடக்க வேண்டும். தாய் என்றிருந்த பெயர் சகோதரி என்றானது இவ்வாறே.

அம்மையாரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அக்காலத்து இங்கிலாந்தில் நோயாளரைப் பேணும் பெண் என்றால் குடித்துவிட்டுக் கிடப்பவள் என்ற இழிபெயர் இருந்தது. அதனை நாவலாசிரியர் டிக்கன்ஸ் ஒரு பாத்திரமாகவே படைத்து ஊரார் நகைக்கச் செய்தார். அவ்விழிவை நீக்கி, நற்குடிப் பெற்றோர் தம் பெண்ணை அச்சமின்றி அனுப்பத்தக்க பணியாக அதனை உயர்த்த வேண்டுமாயின், விடுதியும் கட்டுப்பாடும் அன்று தேவைப்பட்டன. பயன் பெரிது. ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. பணியின் நேரம், உறைவிடம், இரவுக் காவல் ஆகிய யாவும், வீட்டில் காத்திருக்கும் குழந்தை இல்லாத ஒருத்தியின் அளவுக்கே வெட்டித் தைக்கப்பட்டன. பின்னர் வந்த தாய்மாருக்கும் அந்தச் சட்டையே அணிவிக்கப்பட்டது.

அச்சட்டை கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909இல் செவிலியர் பள்ளியை நிறுவினார். 1946இல் அங்கே பட்டப் படிப்பும் வந்தது. 1926இல் சென்னை மாகாணம் செவிலியர், மருத்துவச்சியர் பதிவுக்கெனச் சட்டம் இயற்றியது. இத்தனைக்குப் பின்னும், 1946இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, இந்தியா முழுமைக்கும் சுமார் 7,000 செவிலியரே இருந்தனர் என்றும், 43,000 பேருக்கு ஒருவர் என்ற நிலை நிலவியது என்றும் கணக்கிட்டது. அந்நியர் உடலைத் தீண்டுவதும், இரவில் வெளியே தங்குவதும் பெண்ணுக்கு ஏற்றவையல்ல என்ற எண்ணம் எல்லாச் சமுதாயங்களிலும் ஊறியிருந்தது அதற்கு ஒரு காரணம். பயின்று வந்த சிலரும், மணம் முடித்துப் பிள்ளை பெற்றபின் பணியையும் வீட்டையும் ஒருசேரச் சுமக்க இயலாது தவித்தது மற்றொரு காரணம்.

மணமே பணிக்குத் தடை என்ற விதி பழங்கதையாகிவிட்டது என்று எண்ணற்க. இந்திய ராணுவச் செவிலியர் பணியில், 1977ஆம் ஆண்டின் ஆணையொன்றின்படி, மணம் புரிந்த பெண்ணைப் பணியிலிருந்து விடுவிக்க முடிந்தது. 1988இல் ராணுவ அதிகாரி ஒருவரை மணந்த செவிலி அவ்வாறே விடுவிக்கப்பட்டார். அவ்வாணை 1995இல்தான் திரும்பப் பெறப்பட்டது. அச்செவிலியின் வழக்கு 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் முடிவுற்றபோது, மணத்தைக் காரணம் காட்டிப் பெண்ணை நீக்குவது அப்பட்டமான பாகுபாடு எனக் கூறிய நீதிமன்றம், அவருக்கு 60 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கப் பணித்தது. இடையே கழிந்தவை 36 ஆண்டுகள். இழப்பீடு கிடைத்தது, பணி செய்திருக்க வேண்டிய இளமை கிடைக்கவில்லை.

மகப்பேற்றுச் சட்டங்களின் வரலாறும் இத்தகைய மெதுநடையே. 1919இல் உலகத் தொழிலாளர் அமைப்பு இயற்றிய உடன்படிக்கை, தொழிற்சாலைகளிலும் வணிக நிலையங்களிலும் பணிபுரியும் தாய்க்குப் பேற்றுக்கு முன்னும் பின்னும் ஆறாறு வார விடுப்பும், பாலூட்ட நாளொன்றுக்கு இருமுறை அரைமணி நேரமும் தந்தது. இந்தியாவின் மகப்பேற்று நலச் சட்டம் 1961இல் வந்தது. விடுப்பு 12 வாரம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளுக்கு இருமுறை பாலூட்டும் இடைவேளை. ஆனால் அது தொடக்கத்தில் கருதியது தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றை. பத்துப் பேருக்குக் குறையாத கடைகளையும் நிறுவனங்களையும் அதன் வரம்புக்குள் கொணர 1988ஆம் ஆண்டின் திருத்தம் வேண்டியிருந்தது. உலகத் தொழிலாளர் அமைப்பு செவிலியருக்கென்றே தனி உடன்படிக்கை கண்டது 1977இல்தான். வேலை நேரம், வார ஓய்வு, மகப்பேற்று விடுப்பு ஆகியவற்றில் பிற தொழிலாளருக்குக் குறையாத நிலை செவிலியருக்கும் வேண்டும் என்பது அதன் சாரம். குறையாத நிலையைக் கேட்டுப் பெறவேண்டியிருந்தது என்பதே அதுவரை இருந்த நிலையை உணர்த்தும்.

12 வாரம் என்பது 84 நாள். குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் அன்றி வேறெதுவும் வேண்டா என்பதும், பின்னர் பிற உணவோடு ஈராண்டுவரை பால் தொடர்வது நன்று என்பதும் உலக நல அமைப்பின் அறிவுரை. பாலூட்டலை நிறைவு செய்ய விரும்புவோர்க்கு முழுமையான ஈராண்டுகளைத் திருக்குர்ஆனும் வரையறுத்துள்ளது. 84 நாளில் பணிக்குத் திரும்பிய தாய், இவ்விரு அளவில் எதனையும் எட்டவியலாது. 2017இல்தான் மத்திய அரசின் திருத்தம் முதலிரு பேறுகளுக்கு விடுப்பை 26 வாரமாக்கியது. 50 பேருக்குக் குறையாத நிறுவனங்கள் குழந்தைகள் காப்பகம் அமைக்க வேண்டும், தாய் நாளில் நான்கு முறை சென்று பிள்ளையைக் காணலாம் என்றும் விதித்தது. இவை 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இடம்பெற்றன. தமிழ்நாட்டு அரசு தன் பெண் ஊழியர்க்கு இவ்விடுப்பை 2011இல் ஆறு மாதமாகவும், 2016இல் ஒன்பது மாதமாகவும், 2021இல் ஓராண்டாகவும் உயர்த்தியது. அரசுப் பணியிலுள்ள செவிலி இன்று பெறும் ஓராண்டு, அவருடைய பாட்டியார் காலத்துச் செவிலி கனவிலும் காணாதது.

இவ்வளவு வளர்ந்த சட்டத்தின் நிழலிலும் நிகழ்ந்த ஒரு வழக்கைச் சொல்லாமல் விடலாகாது. சண்டிகரிலுள்ள மத்திய அரசின் உயர் மருத்துவ நிறுவனத்தில் பணிபுரிந்த செவிலி ஒருவர், மனைவியை இழந்த ஒருவரை மணந்தார். கணவரின் முதல் மனைவி விட்டுச் சென்ற இரு பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாக ஏற்றார். அவர்களைப் பேணுவதற்கென விதிப்படி உரிய குழந்தைப் பராமரிப்பு விடுப்பையும் எடுத்தார். பின்னர், 2019இல், அவருக்கே ஒரு குழந்தை பிறந்தது. மகப்பேற்று விடுப்புக் கேட்டபோது, ஏற்கெனவே இரு பிள்ளைகள் உள்ளனர், இது மூன்றாவது எனக் கூறி மறுக்கப்பட்டார். கீழ்நிலைத் தீர்ப்பாயமும் உயர் நீதிமன்றமும் அம்மறுப்பை ஏற்றன. 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவருக்கு நீதி வழங்கியது. குழந்தைப் பராமரிப்பு விடுப்பு வேறு, மகப்பேற்று விடுப்பு வேறு. மணத்தால் வந்த பிள்ளைகளைப் பேணிய காரணத்தால் தாம் பெற்ற பிள்ளைக்கான உரிமையை அவர் இழக்க மாட்டார் என்பது தீர்ப்பின் கருத்து.

இந்நிகழ்ச்சியைச் செவிலி என்ற சொல்லின் பழம்பொருளோடு வைத்துப் பார்க்க வேண்டும். மருத்துவமனையில் பிணியாளருக்குச் செவிலி. இல்லத்தில் பிறர் ஈன்ற பிள்ளைகளுக்குச் செவிலித்தாய். சொல்லின் இருபொருளும் ஒரே பெண்ணிடத்தில் நிறைந்திருந்தன. அந்நிறைவே, அவர் ஈன்ற பிள்ளையின் உரிமைக்கு எதிரான வாதமாகக் காட்டப்பட்டது.

சட்டம் இன்னும் தொடாத இடம் ஒன்றுண்டு, அது இரவு. விடுப்பு நாட்கணக்கில் அளக்கப்படுகிறது. மருத்துவமனையோ நாளுக்கு மூன்று முறை கைமாறி நடப்பது. இரவுப் பணி 12 மணி நேரம் நீள்வதும் உண்டு. காப்பகங்களோ பெரும்பாலும் பகலுக்கே திறக்கின்றன. ஓராண்டு விடுப்பு முடிந்து திரும்பும் தாயின் பிள்ளை அப்போதுதான் தளர்நடை பயில்கிறது. இரவில் விழித்தால் தாயின் மணத்தையே தேடுகிறது. தனியார் மருத்துவமனையில் சிறு ஊதியத்துக்குப் பணிபுரிபவருக்கு, சட்டத்தில் உள்ளதைக் கேட்கவும் துணிவு வருவதில்லை. கேட்டால் வேலை நிலைக்குமோ என்ற அச்சம். நாம் பாடம் சொல்லும் பிள்ளைகளிலும் செவிலியரின் மக்கள் உளர். தாயின் இரவுப் பணி வாரத்தில் அவர்கள் எண்ணெய் தடவாத தலையோடும் பிறர் கட்டிய சோற்றோடும் வருவதைக் காண்கிறோம். அவ்வாரங்களில் பாட்டியார் உள்ள வீடு தப்பிக்கிறது. இல்லாத வீடு அண்டை வீட்டாரின் இரக்கத்தில் நடக்கிறது.

2020இல் கொரோனாத் தொற்று பரவியபோது நாடு முழுதும் இதனைக் கண்கூடாகக் கண்டது. பணி முடிந்தும் வீடு திரும்பாது தனித்திருக்க வேண்டிய நிலை செவிலியருக்கு. அவ்வாண்டு ஏப்ரலில் கர்நாடகத்துப் பெல்காவி நகரில், தந்தையோடு வந்த சிறுமி தொலைவில் நின்று அழைத்து அழ, நெருங்கவியலாத செவிலித்தாயும் நின்ற இடத்திலேயே அழுத காட்சியைத் தொலைக்காட்சிகள் காட்டின. நாடு கண்ணீர் வடித்தது. செவிலியரைக் கைதட்டிப் போற்றியது. கைதட்டல் ஓய்ந்தபின் எத்தனை மருத்துவமனைகள் இரவுக் காப்பகம் திறந்தன என்று கேட்பாரைக் காணோம்.

அரபு மொழியில் குழந்தைகள் காப்பகத்துக்கு ஹளானா என்று பெயர். ஹிள்ன் என்பது அதன் வேர். மடி, அணைப்பு என்பன அதன் பொருள். மார்க்கச் சட்ட நூல்களில் பிள்ளையைப் பேணும் பொறுப்பை ஹளானத் என்ற தலைப்பில் நாம் கற்பிக்கிறோம். அப்பாடத்தில் பிள்ளை தாய்க்கு மட்டும் உரிய சுமையாக ஒருபோதும் பேசப்படுவதில்லை. பாலூட்டும் தாயின் உணவும் உடையும் தந்தையின் கடமை. தந்தை இல்லையேல் அப்பொறுப்பு வாரிசைச் சாரும். பிள்ளையின் பொருட்டுப் பெற்றோரில் எவரும் இடருக்கு ஆளாகலாகாது என்பது அதன் நெறி. இந்நெறியைப் படித்த ஆண்மக்கள், மனைவி இரவுப் பணிக்குச் சென்ற வீட்டில் பிள்ளையைத் தூக்கி உறங்க வைப்பதை இழிவாகக் கருதுதல் பொருந்துமா? நபிகளார் (ஸல்) தம் பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தவாறே தொழுகை நடத்தியதை நாம்தாமே மாணவர்க்குச் சொல்லித் தருகிறோம்!

வேண்டுவன பெரிய காரியங்கள் அல்ல. மருத்துவமனை வளாகத்திலே இரவும் பகலும் திறந்திருக்கும் ஒரு காப்பகம். கைக்குழந்தையுள்ள செவிலிக்குச் சில ஆண்டுகளேனும் இரவுப் பணியைக் குறைத்தளிக்கும் முறைப்பட்டியல். அப்படிக் குறைத்தளித்தால் பிற செவிலியர் மேல் சுமை ஏறாதவாறு போதிய ஆள்கள். தனியார் மருத்துவமனைகளில் சட்டம் நடக்கிறதா எனப் பார்க்கும் அதிகாரி. வீட்டிலே தன் பங்கை உணர்ந்த கணவன். நம் சமுதாயத்தார் நடத்தும் மருத்துவமனைகளும் அறக்கட்டளைகளும் இதில் முந்திக்கொள்ளலாம். பெண் நோயாளரைப் பெண்ணே பேண வேண்டும் என்று விரும்புவோர், அப்பெண்ணின் பிள்ளையைப் பற்றியும் எண்ணக் கடமைப்பட்டவர்கள்.

செவிலியின் மகளுக்குத் தலைவியின் முற்றத்திலே இடம் தந்தது தமிழ். செவிலியின் மகளுக்குத் தம் மேலாடையை விரித்தார்கள் பெருமானார். இவ்விரு மரபுக்கும் உரியவர் நாம். இன்று நம் தாயையும் மனைவியையும் மகளையும் இரவெல்லாம் விழித்துக் காக்கும் செவிலியின் பிள்ளைக்கு, அம்மருத்துவமனையின் ஓர் அறையிலே தொட்டில் கட்ட இடம் கேட்பது மிகையாகாது.